அக்காவின் பதினொரு மாத அமைதி

கொழும்பில் இறங்கிய அரை மணி நேரத்துக்குள் முதல் சண்டை. என் பெட்டியைத் திறந்து பார்த்த சுங்க அதிகாரி, மணத்தக்காளி வத்தல் பொட்டலத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இது என்ன விதை, இதை இங்கே எங்கே விதைக்கப் போகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். விதைக்கவில்லை, குழம்பு வைக்கப் போகிறேன் என்றேன். நம்பவில்லை. செத்துப்போன என் அக்காவுக்குப் படைக்க என்று நான் குரலை உயர்த்திச் சொன்ன பிறகுதான் பொட்டலம் திரும்பி வந்தது. திருச்சி மின்வாரிய அலுவலகத்தில் முப்பது வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். எங்கள் குடும்பத்தில் அது பரம்பரைச் சொத்து. அதில் பெரிய பங்கு மங்கை அக்காவுக்குப் போயிற்று.

அக்காவைக் கட்டியவர் யாழ்ப்பாணத்துக்காரர், சிவபாலன் அத்தான். திருச்சியில் எஞ்சினியரிங் படிக்க வந்து, எங்கள் தெருவிலேயே அறை எடுத்துத் தங்கி, எங்கள் அப்பாவின் சாபங்களை எல்லாம் வாங்கிக்கொண்டு அக்காவைக் கல்யாணம் செய்தவர். முப்பத்தெட்டு வருஷமாக வெள்ளவத்தையில் குடித்தனம். அக்கா இறந்தபோது எனக்கு முழங்கால் அறுவை நடந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. முகத்தைப் போனில் காட்டினார்கள். முப்பத்தோராம் நாளுக்காவது போயே தீருவது என்று கைத்தடியோடு கிளம்பி வந்தேன்.

நம் ஊரில் பதினாறாம் நாளோடு காரியம் முடிந்துவிடும். இவர்களுக்கு முப்பத்தொன்றுதான் பெரிய நாள். காலையில் கடற்கரையில் அந்தியேட்டிக் கிரியை, பிறகு வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு. சாப்பிட்டு எழுந்து போகிறவர்கள் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். கல் கிடையாது, காகிதம்தான். இறந்தவரின் படம், வம்சம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், கடைசிப் பக்கத்தில் நன்றி. பிறகு அது அந்தந்த வீட்டுச் சாமியறையில் வருஷக்கணக்கில் கிடக்கும். ஒருவர் எப்படி இருந்தார் என்று பேரன் பேத்திகள் தெரிந்துகொள்வது அதிலிருந்துதான்.

வெள்ளவத்தைக்கு நான் வருவது நாலாவது தடவை. காலி வீதியில் ஓட்டோவை விட்டு இறங்கினால் நம்ம ஊர்ப் புடவைக் கடைகளின் பெயர்ப் பலகைகள், நகைக்கடை, சைவக் கடை, எங்கும் தமிழ். லேனுக்குள் நுழைந்து கடலைப் பார்த்து நடந்தால் ரயில் தண்டவாளம், அதற்கப்பால் அலை. இரண்டு நாள் ஆனால் ரயில் சத்தமும் அலைச் சத்தமும் காதில் விழாது என்று அக்கா சொல்லுவாள். அவளுடைய ஃபிளாட் மூன்றாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. அறுவை செய்த காலோடு படியேறி, ஒவ்வொரு மாடியிலும் நின்று யாரையாவது திட்டினேன்.

அத்தான் கதவைத் திறந்தார். நெற்றியில் மூன்று பட்டை விபூதி, வெள்ளை வேட்டி, இளைத்த உடம்பு. "வாரும் வசந்தா. கால் எப்பிடி?" என்றார். அழவில்லை. இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் மேசையில் மூடி வைத்திருந்தார். பக்கத்து ஃபிளாட்டிலிருந்து வந்ததாம். சொதி என்பது தேங்காய்ப்பாலில் மஞ்சள் போட்டு வைக்கும் இளம் குழம்பு. முதல் தடவை வந்தபோது இதைப் போய்க் குழம்பு என்கிறார்களே என்று நான் சொல்லப் போக, அக்கா எனக்கும் மேலே குதித்தாள். புகுந்த வீட்டுச் சமையலை அவள் மட்டும்தான் திட்டலாம், வேறு யாரும் திட்டக்கூடாது.

சாப்பிட்டு முடித்ததும் அத்தான் நாலு தாளை என் முன்னால் வைத்தார். கல்வெட்டுக்கு அவர் எழுதிய வாழ்க்கை வரலாறு. "பிழை இருந்தா பாரும்" என்றார்.

பிழை இருந்தது. 'சினம் என்பதே அறியாதவர். இன்பத்தில் துள்ளாமலும் துன்பத்தில் துவளாமலும் இல்லறத்தில் இருந்தபடியே இறுதிக் காலத்தில் ஸ்திதப்பிரக்ஞை நிலையை எய்தியவர்.' நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஸ்திதப்பிரக்ஞை என்றால் நிலைத்த அறிவு. புகழ்ந்தாலும் ஏசினாலும், கிடைத்தாலும் போனாலும் உள்ளே ஆடாமல் நிற்கிற மனம். காட்டில் தவம் இருக்கிற முனிவர்களுக்கே லேசில் வராது என்பார்கள். அது போய் எங்கள் அக்காவுக்கா?

"அத்தான், சினம் அறியாதவளா? உங்களை ஸ்டேஷன்லேர்ந்து கூட்டிட்டு வந்தது யாரு?" என்று கேட்டேன்.

உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஒரு மத்தியானம், லேன் முழுக்க அடையாள அட்டை பார்த்துத் தமிழ் ஆண்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அத்தானும் அதில். மற்ற வீட்டுப் பெண்கள் வாசலில் அழுதுகொண்டு நின்றபோது, அக்கா குழந்தை அபிராமியை இடுப்பில் தூக்கிக்கொண்டு போலீஸ் நிலையத்து வாசலுக்குப் போய் நின்றாள். அப்போது அவளுக்குத் தெரிந்த சிங்களம் காய்கறி வாங்கப் போதுமானது. அதை வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை கத்தியிருக்கிறாள். ஒரு பெரிய அதிகாரி வெளியே வந்து, இந்தப் பெண்ணின் வாயை மூட யாராவது இவள் புருஷனைக் கொண்டுவந்து விடுங்கள் என்று சொன்னாராம். அன்றைக்கு ஏற்றியவர்களில் எல்லாரும் வீடு திரும்பவில்லை. அத்தான் திரும்பினார்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அது அப்ப. கடைசி வருஷம் நீர் பாக்கேல்லை, வசந்தா. அவ மாறிட்டா. கோபம் இல்லை, ஆசை இல்லை, ஒண்டும் வேணும் எண்டு கேக்கிறேல்லை. வேதாந்த வகுப்பில எல்லாரும் அவவைக் கும்பிடாத குறை."

போனில் அக்காவின் குரல் மாறியது எனக்கும் தெரியும். திருச்சியில் நானும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன்.

மறுநாள் கிருலப்பனையில் இருக்கும் அபிராமி வீட்டுக்குப் போனேன். அக்காவின் ஒரே பெண். வங்கியில் வேலை. எனக்குத் தேநீரும் மரக்கறி ரோல்ஸும் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, "சித்தி, அப்பா எழுதினதை வாசிச்சனீங்களோ?" என்று கேட்டாள். வாசித்தேன் என்றேன். அவள் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பெரிய கவரை எடுத்து வந்தாள். அக்காவின் தலை ஸ்கேன் படங்கள்.

குளியலறையில் விழுந்தாள் என்று மட்டும்தான் எனக்குப் போனில் சொல்லியிருந்தார்கள். அப்படி விழுந்து நினைவில்லாமல் போனபோதுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். முன்மண்டையில் எலுமிச்சங்காய் அளவு கட்டி. மெதுவாக வளர்கிற வகை, ஆனால் கண்டுபிடித்தபோது காலம் கடந்திருந்தது. அந்த இடத்தில் கட்டி அழுத்தினால் மனிதருக்கு முதலில் போவது ஆசையும் கோபமும்தானாம். பசி இருக்காது, பேச்சு குறையும், எதற்கும் மறுப்பு வராது, யார் என்ன சொன்னாலும் சரி என்பார்களாம்.

"டொக்டர் கேட்டவர், எப்ப தொடக்கம் இவ இப்பிடி அமைதியா இருக்கிறா எண்டு" என்றாள் அபிராமி. "அப்பா என்ன சொன்னவர் தெரியுமோ? பதினொரு மாசமா எண்டு. பெருமையா சொன்னவர், சித்தி. டொக்டர் பேனையை எடுத்து அதை அப்பிடியே எழுதினவர். வருத்தம் தொடங்கின திகதி எண்ட இடத்தில." இவர்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய்.

"முன்னாடியே கொண்டு போயிருந்தா?"

"ஒப்பரேஷன் செய்திருக்கலாம். அந்த வகைக் கட்டி எடுத்தா பெரும்பாலும் ஆக்கள் தப்புவினம் எண்டு சொன்னவர்." அவள் படங்களைத் திரும்ப கவருக்குள் போட்டாள். "நானும் தான், சித்தி. அம்மா என்னோட சண்டை பிடிக்கேல்லை எண்டு நான் சந்தோசமா இருந்தனான்."

எனக்கு வந்தது துக்கமா கோபமா என்று பிரித்துப் பார்க்க அப்போது முடியவில்லை. ஒரு மனுஷி கண் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துகொண்டிருந்திருக்கிறாள், சுற்றியிருந்த படித்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து மெச்சிக் கைகூப்பியிருக்கிறார்கள். அதை இப்போது அச்சடித்து ஊருக்குக் கொடுக்கப் போகிறார்கள். "இந்தப் பக்கம் அச்சில வராது" என்று அபிராமியிடம் சொன்னேன். "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்டேன். "எனக்கும் வேண்டாம். ஆனா அப்பாட்ட சொல்ல எனக்கு வாய் வரேல்லை" என்றாள்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை, அத்தான் வகுப்புக்குக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். சந்தேகமாகப் பார்த்தார். கோயிலுக்கு அருகில் ஒரு மண்டபத்தில் வேதாந்த வகுப்பு. நாற்பது பேர் இருக்கலாம், எல்லாருக்கும் தலை நரைத்திருந்தது. நடத்துபவர் ஓய்வு பெற்ற கணக்காளர். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகப் பேசினார். ஆமை தன் கால் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வது போல அறிவாளி தன் புலன்களை இழுத்துக்கொள்கிறான் என்று விளக்கினார். பிறகு எங்கள் அக்காவுக்கு ஒரு நிமிஷம் மௌனம்.

மௌனம் முடிந்ததும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மங்கை அக்காவுக்குக் கறியில் உப்புப் போட மறந்துவிட்டார்கள், ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். மங்கை அக்காவின் காலில் ஒருவர் நாற்காலியை இழுத்து வைத்துவிட்டார், சிரித்துக்கொண்டே இருந்தார். மங்கை அக்காவின் கூடப்பிறந்த தம்பி மதுரையில் தவறிய செய்தி வந்தபோதும் அவர் கண்ணில் ஒரு துளி இல்லை, தேநீரைக் குடித்து முடித்தார். "அதுதான் ஸ்திதப்பிரக்ஞை" என்று கணக்காளர் முடித்தார். சபை முழுக்கத் தலையசைத்தது.

எங்கள் தம்பி அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் செத்த செய்திக்கு அழாத அக்காவைப் பார்த்து ஒருத்தருக்குக்கூடப் பயம் வரவில்லையா? எழுந்து நின்றேன். கைத்தடி விழுந்து பெரிதாகச் சத்தம் போட்டது.

"ஐயா, ஒரே ஒரு கேள்வி. உப்பு இல்லைன்னு தெரிஞ்சும் பேசாம சாப்பிடறதுதானே சமநிலை? உப்பு இல்லைங்கறதே தெரியாம சாப்பிட்டா அதுக்கு என்ன பேரு?"

அவர் கொஞ்சம் யோசித்து, "அது இன்னும் உயர்ந்த நிலை அம்மா" என்றார்.

அதற்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. அத்தான் என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். வாசலில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. "மங்கையின்ர தங்கச்சியாம். ஒரு தாய் வயித்துப் பிள்ளையள் எண்டு சொல்லேலாது, என்ன?" நான் திரும்பி, சொல்லலாம், தாராளமாகச் சொல்லலாம் என்று கத்தினேன்.

அன்றிரவு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். அக்கா கோபக்காரி என்பதில் தொடங்கினேன். போலீஸ் வாசல் கதை. பிறகு கட்டி, ஸ்கேன், பதினொரு மாதம். அவளுடைய நோயைப் பார்க்கத் தெரியாத கணவனும் வகுப்பும் அதை ஞானம் என்று கொண்டாடினார்கள் என்று முடித்தேன். எழுதியதும் காய்ச்சல் விட்டதுபோல் இருந்தது.

நாலாம் நாள் அச்சகத்துக்கு நானே நேரில் போவது என்று முடிவு செய்தேன். அச்சகம் கொட்டாஞ்சேனையில். அபிராமி பஸ் நம்பர் எழுதிக் கொடுத்திருந்தாள். பஸ்ஸில் நிற்கவே இடமில்லை, கொண்டக்டர் மட்டும் 'இஸ்ஸரஹட்ட யன்ன' என்று ஓயாமல் முதுகில் கை வைத்துத் தள்ளினான். முன்னால் போங்கள் என்று அர்த்தமாம். முன்னால் எங்கே போவது, டிரைவர் மடியிலா என்று தமிழில் கேட்டேன். அவன் சிங்களத்தில் ஏதோ சொல்ல, நான் தமிழில் சொல்ல, இருவருக்கும் நன்றாகவே புரிந்தது. பின்னால் இரண்டு சிங்களப் பெண்கள் சிரித்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று பக்கத்தில் நின்ற மாணவியிடம் கேட்டேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "இந்த அம்மாவைக் கல்யாணம் செய்தவர் பாவம் எண்டு கதைக்கினம், அன்டி."

அந்த வீம்பில் வந்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். பார்த்தால் கொம்பனித்தெரு. அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் கட்டடங்கள், அவற்றின் காலடியில் ஓடு சரிந்த பழைய வரிசை வீடுகள். ஒரு மலாய்க்காரப் பெண்மணி தன் வாசல் நாற்காலியில் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். கொச்சைத் தமிழில் ஊர் எது என்று விசாரித்தார். தன் பழைய வீட்டை இடித்துவிட்டுப் பதினாறாம் மாடியில் இடம் தருகிறார்கள், அங்கே போனால் யாரோடு சண்டை போடுவது என்று வருத்தப்பட்டார். கொழும்பில் நான் சந்தித்தவர்களில் எனக்கு உடனே பிடித்துப்போனவர் அவர்தான். அங்கிருந்து ஓட்டோ.

கொட்டாஞ்சேனை வெள்ளவத்தை மாதிரி இல்லை. தேவாலய மணியும் கோயில் மணியும் ஒரே சமயத்தில் அடிக்கின்றன. தெருவே வீட்டுக் கூடம் மாதிரி, துவைத்த துணி ஒரு பக்கம், மீன் வண்டி ஒரு பக்கம். ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்குப் பால்குடம் தூக்கிப் போகிற கூட்டம் ஓட்டோவைக் கால் மணி நேரம் நிறுத்தி வைத்தது. அச்சகம் ஒரு முடுக்குக்குள் இருந்தது. உரிமையாளர் முருகேசு, ஐம்பது வயதுக்காரர், அவருடைய தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பம். பேச்சில் இன்னும் நம்ம ஊர் வாசனை.

"உக்காருங்கம்மா. சிவபாலன் சார் வீட்டுக் கல்வெட்டு ரெடியாத்தான் இருக்கு. நாளைக்கு மெஷின்ல ஏத்திருவேன்" என்றார். கணினித் திரையில் அந்தப் பக்கத்தைக் காட்டினார். சினம் என்பதே அறியாதவர்.

"இதை மாத்தணும்."

அவர் சிரித்தார். "அந்த வரி சார் எழுதினது இல்லம்மா. அது நம்ம ஃபைல்ல உள்ளது. பொம்பளைங்களுக்கு ஒண்ணு, ஆம்பளைங்களுக்கு ஒண்ணு வச்சிருக்கோம். பேரு, ஊரு, புள்ளைங்க பேரு மாத்துவோம். சார் கடைசில அந்த சமஸ்கிருத வார்த்தையை மட்டும் சேத்தாரு." மேசைக்கு அடியிலிருந்து ஏழெட்டுப் பழைய கல்வெட்டுகளை எடுத்துப் போட்டார். புரட்டிப் பார்த்தேன். அத்தனை பெண்களும் சினம் அறியாதவர்கள். அத்தனை பேரும் பொறுமையின் வடிவம். ஒருத்திகூட வாழ்நாளில் ஒரு தட்டை ஓங்கி வைக்கவில்லை.

"இத்தனை வருஷத்துல கோபக்காரப் பொம்பளை ஒருத்திகூட சாகலையா, முருகேசு?"

"செத்தவுக மேல யாரும்மா குத்தம் எழுதுவா?"

கோபம் குற்றமா? நிலைத்த அறிவைப் பற்றி நான் படித்தவளில்லை. ஆனாலும் அதைச் சொன்ன பெரியவர்கள் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். போலீஸ் வாசலில் நின்ற அன்றுதான் அக்கா நிலையாக நின்றாள். துப்பாக்கிக்கும் அசையவில்லை, கெட்ட வார்த்தைக்கும் அசையவில்லை, இடுப்பில் குழந்தை கனத்தும் அசையவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்பது அவளுக்குத் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவுக்குப் பெயர் வைக்க இவர்களுக்குத் தெரியவில்லை. எல்லாம் மறந்துபோய், பிரமை பிடித்து உட்கார்ந்திருந்தவளுக்குப் பட்டம் கொடுக்கிறார்கள்.

நான் எழுதிய தாளை நீட்டினேன். முருகேசு படித்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "நான் போட்டுத் தர்றேம்மா. ஆனா சார் வந்து சரின்னு சொல்லணும். ஓடர் அவர் பேருல இருக்கு" என்றார். எவ்வளவு வாதாடியும் அசையவில்லை.

சாயங்காலம் வீடு திரும்பி, அத்தானிடம் அந்தத் தாளைக் கொடுத்தேன். அவர் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு தடவை வாசித்தார். கீழே ரயில் போனது. போய் முடியும்வரை காத்திருந்தார்.

"எல்லாம் உண்மை" என்றார். "டொக்டர் சொன்ன அண்டைக்கே எனக்கு விளங்கிட்டுது. ஆனா இதைப் போட்டா, பதினொரு மாசம் பக்கத்தில இருந்து நீ என்ன செய்தனி எண்டு ஆக்கள் கேப்பினம். நான் என்ன சொல்ல? ஒவ்வொரு காலமையும் அவவின்ர முகத்தைப் பாத்து, எனக்கு இப்பிடி ஒரு மனுசி வாய்ச்சுதே எண்டு கும்பிட்டனான் எண்டு சொல்லவோ? அவ சாப்பிடாம இருந்தா விரதம் எண்டு நினைச்சனான். கதைக்காம இருந்தா மௌனம் எண்டு நினைச்சனான்."

"கேக்கட்டும். கேக்கத்தானே வேணும்?" என்று நான் விடவில்லை. "அக்கா உங்களுக்காகக் கத்தினா. அவளுக்காக நீங்க ஒரு தடவையாவது கத்தினீங்களா? ஒரு டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனீங்களா?"

அவர் தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இல்லை. நான் இருக்கிறன் இதில. வகுப்பு இருக்கு. ஆனா உம்மைக் காணேல்லையே, வசந்தா."

"நான் திருச்சில இருந்தேன்."

"ஓம். போனில இருந்தனீர். அவ போனை ஸ்பீக்கரில போட்டுத்தான் கதைக்கிறவ."

அம்மாவின் தையல் மெஷின் அக்காவுக்கு என்று எப்போதோ பேசி வைத்தது. போன தீபாவளிக்கு வீட்டில் இடம் போதவில்லை என்று அதை நான் வேலைக்காரப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். இதைச் சொன்னால் அக்கா ஒரு மாசம் பேசமாட்டாள் என்று பயந்து பயந்துதான் போனில் சொன்னேன். அவள் "சரி" என்றாள். அவ்வளவுதான். "கோபமா அக்கா?" என்று கேட்டேன். "இல்லையே" என்றாள். எனக்கு வந்தது நிம்மதி. அன்றைக்கே அடுத்த விமானத்தில் ஏறியிருக்க வேண்டும். அந்த மெஷினைக் கொடுத்தேன் என்று கேட்டு அமைதியாக இருக்கிறவள் எங்கள் அக்காவே இல்லை என்று உலகத்திலேயே தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான். போனை வைத்துவிட்டு, அக்கா பக்குவப்பட்டுவிட்டாள் என்று என் கணவரிடம் சொன்னேன். பிறகு காபி போட்டுக் குடித்தேன்.

அத்தான் எழுந்து உள்ளே போய்விட்டார். நான் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம்தான் ஆக மோசமானது. விடியும்வரை தூங்கவில்லை.

ஐந்தாம் நாள் நான் எழுந்தபோது அவர் வீட்டில் இல்லை. மத்தியானம்தான் வந்தார். கொட்டாஞ்சேனைக்குப் போனதாகச் சொன்னார். என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "நாளைக்குப் பாரும்" என்றார். நான் தேங்காய் துருவினேன், அபிராமி வந்து கத்தரிக்காய் நறுக்கினாள்.

முப்பத்தோராம் நாள். கடற்கரைக் கிரியை வெயில் ஏறுவதற்குள் முடிந்தது. மண்டபத்தில் நூற்றைம்பது பேர் சாப்பிட்டார்கள். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய், வடை, பாயசம். என் வத்தக்குழம்பை யாரும் தொடவில்லை, கசக்கிறதாம். வாசலில் ஒரு மேசை மேல் கல்வெட்டுகள் அடுக்கியிருந்தன. நான் ஒன்றை எடுத்து நேராக நாலாம் பக்கத்துக்குப் போனேன்.

ஃபைலில் இருந்த வாழ்க்கை வரலாறு ஒரு வரிகூட இல்லை. அத்தானே எழுதியிருந்தார்:

'என் மனைவி மங்கை கோபக்காரி. அந்தக் கோபம் ஒருநாள் என்னை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவந்தது. கடைசிப் பதினொரு மாதங்கள் அவர் கோபப்படவே இல்லை. அது தலைக்குள் வளர்ந்த கட்டியால் வந்த நோய். நான் அதை ஞானம் என்று நினைத்துக் கைகூப்பினேன். வைத்தியரிடம் கொண்டுபோகவில்லை. என்னை யாரும் ஆறுதல் சொல்லித் தேற்ற வேண்டாம். உங்கள் வீட்டில் உள்ளவர்களைக் கவனியுங்கள்.'

கீழே அவர் பெயர். அபிராமி பெயர் இல்லை, என் பெயரும் இல்லை. எங்கள் பங்கையும் சேர்த்துத் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தார். நியாயமாக எனக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆத்திரமாகத்தான் இருந்தது, இதை முந்தாநாள் கிழித்த தாளில் என் பெயரோடு நான் எழுதியிருக்க வேண்டும் என்று.

கணக்காளர் நின்ற இடத்திலேயே நின்று வாசித்தார், பிறகு புத்தகத்தை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போனார். ஒரு பெரியவர், "இதெல்லாம் அச்சில போடுற விசயமோ" என்று முணுமுணுத்தார். அத்தான் வாசலில் நின்று எல்லாருக்கும் கைகூப்பி விடைகொடுத்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலையும்போது ஓர் அம்மா என்னிடம் வந்தார். அறுபது வயதிருக்கும், நான் அதுவரை பார்க்காத முகம். கல்வெட்டை நாலாம் பக்கத்தில் விரல் வைத்து மடித்துப் பிடித்திருந்தார்.

"நீங்கள் தங்கச்சி தானே? ஒண்டு கேக்கலாமோ?" என்றார். குரலை இறக்கிக்கொண்டார். "எங்கட வீட்டுக்காரர், அந்தா, அந்தக் கதிரையில இருக்கிறார். சரியான முன்கோபக்காரன். கோப்பை பறக்கும். இப்ப ஒரு நாலு மாசமா ஒண்டுமில்லை. நான் என்ன சொன்னாலும் சிரிக்கிறார். நான் கோயிலுக்கு நேர்த்தி வைச்சனான், அது பலிச்சுப் போச்செண்டு…"

பாதியில் நிறுத்திவிட்டார். நான் அவர் காட்டிய பக்கம் பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் பாயசக் கோப்பை சரிந்து, வேட்டி முழுக்க நனைந்து, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் எங்களைப் பார்த்து அமைதியாகச் சிரித்தார்.

"இப்பவே கூட்டிட்டுப் போங்க" என்றேன். "நாளைக்கு இல்ல, இப்பவே." மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் அப்படிக் கத்தியிருக்கிறேன்.